பழைய ஜீப்பின் ரேடியேட்டர் ஒழுக்கு: பற்றவைப்பதா, கோர் மாற்றுவதா, புதிது வாங்குவதா?

பழைய ஜீப்பின் ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கினால் அதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. ஓட்டையை ஈயம் வைத்து அடைக்கலாம். மேல், கீழ்த் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுவிலுள்ள குழாய், தகட்டுப் பகுதியான கோரை மட்டும் மாற்றலாம். முழு ரேடியேட்டரையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். எந்த வழி என்பதைப் பெரும்பாலும் ஓட்டையின் அளவையும் கையிருப்பையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அந்த அளவுகோல் பல எஞ்சின்களைப் பலிவாங்கியிருக்கிறது. ரேடியேட்டர் எந்த உலோகத்தால் ஆனது, கோரின் உட்புறம் எப்படி இருக்கிறது, ஒழுக்கு எதனால் வந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே செலவைப் பற்றி யோசிப்பது சரியாக இருக்கும்.

இந்தியாவில் இந்தக் கேள்வி அதிகம் எழுவது மஹிந்திரா ஜீப்களில்தான். அந்நிறுவனம் 1947 முதல் வில்லிஸ் ஜீப்களை இங்கே பூட்டி விற்றது. பிறகு உள்நாட்டிலேயே தயாரித்தது. பெஜோ வடிவமைப்பில் அமைந்த 2112 சிசி டீசல் எஞ்சினுடன் 1980களில் வந்த எம்எம் 540, அதன் உறவுகளான கமாண்டர், மேஜர் ஆகியவை இன்றும் மலைப்பாதைகளில் உழைக்கின்றன. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸியும் இந்த வரிசையில் சேரும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதும், தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களைக் கொண்டு சேர்ப்பதும் இத்தகைய வண்டிகளே. அவற்றில் ரேடியேட்டர் பழுது என்பது ஒரு நாள் கூலியோடு முடிகிற விஷயமல்ல. செங்குத்தான ஏற்றத்தில் பத்துப் பேரோடு வண்டி நின்றுபோவது.

பழைய ஜீப்களின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் கலந்த கட்டுமானம். மேலே ஒரு பித்தளைத் தொட்டி, கீழே ஒன்று. இரண்டையும் தட்டையான பித்தளைக் குழாய்கள் நிமிர்ந்த வரிசைகளாக இணைக்கின்றன. குழாய்களுக்கு இடையே மெல்லிய செம்புத் தகடுகள் நெளிநெளியாக அமைந்து வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்துகின்றன. இந்தத் தகடுகளும் குழாய்களும் தொட்டிகளும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசால் ஒட்டப்பட்டவை. செம்பு 1085 டிகிரி செல்சியஸில் உருகும். இந்தப் பற்றாசு 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால்தான் உலோகத்துக்குச் சேதமில்லாமல் பற்றைப் பிரிக்கவும் மறுபடி சேர்க்கவும் முடிகிறது. செம்பு ரேடியேட்டர் பட்டறை என்ற தொழிலே இதன்மேல் நிற்கிறது.

1970களில் ஐரோப்பியக் கார்களில் பரவத் தொடங்கிய அலுமினிய ரேடியேட்டர் வேறு வகை. அதன் குழாய்களும் தகடுகளும் ஏறக்குறைய 600 டிகிரி வெப்ப உலையில் ஒரே முறையில் ஒட்டவைக்கப்படுகின்றன. இரு பக்கத் தொட்டிகள் கண்ணாடி இழை கலந்த நைலானால் ஆனவை. ரப்பர் வளையம் ஒன்றை இடையில் வைத்து, கோரின் விளிம்பிலுள்ள பற்களை மடக்கித் தொட்டியை இறுக்கியிருப்பார்கள். எடை குறைவு, விலையும் குறைவு. செம்பைவிட அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் குறைவுதான். அகலமான குழாய்களை வைத்து அந்தக் குறையை ஈடுகட்டுகிறார்கள். ஆனால் பற்றவைத்துப் பிரித்துச் சேர்க்கும் வாய்ப்பு இதில் இல்லை. பிற்கால வண்டிகளில் பரவலாக இருப்பதும், பழைய ஜீப்களுக்கு மாற்றாகக் கடைகளில் இப்போது கிடைப்பதும் பெரும்பாலும் இந்த வகை.

சிறிய ஒழுக்கு ஏன் பெரிய ஆபத்து என்பதற்கு அழுத்தமே காரணம். குளிர்விக்கும் அமைப்பு மூடிய அமைப்பு. ரேடியேட்டர் மூடியிலுள்ள சுருள்வில் பழைய ஜீப்களில் சதுர அங்குலத்துக்கு 4 முதல் 7 பவுண்டு வரையும், பிற்கால வண்டிகளில் 13 முதல் 15 பவுண்டு வரையும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஒவ்வொரு பவுண்டும் நீரின் கொதிநிலையை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்த்துகிறது. கடல் மட்டத்தில் 15 பவுண்டு அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 121 டிகிரியில்தான் கொதிக்கும். ஒரு ஊசித்துளை வழியே அழுத்தம் வெளியேறினால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். மலையில் நிலைமை இன்னும் மோசம். கொடைக்கானல், கொழுக்குமலை போன்ற 2100 மீட்டர் உயரமுள்ள இடங்களில் காற்றழுத்தம் குறைவு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். எஞ்சினின் வழக்கமான இயங்கு வெப்பம் 82 முதல் 90 டிகிரி. அழுத்தம் பிடிக்காத ரேடியேட்டரோடு அங்கே ஏறும் வண்டிக்கு மிஞ்சியிருக்கும் இடைவெளி சில டிகிரிகள் மட்டுமே. சமவெளியில் மாதக்கணக்கில் தொந்தரவு தராத ஒழுக்கு, வால்பாறைச் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டுவதற்குள் எஞ்சினைக் கொதிக்கவைப்பது இதனால்தான்.

கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டியில் ஒழுக்கு வருவதற்கான காரணங்கள் நகரக் காரின் காரணங்களிலிருந்து வேறுபடும். ஒரு சக்கரம் பள்ளத்திலும் எதிர்ச் சக்கரம் பாறைமீதும் இருக்கும்போது சேஸிஸ் முறுக்கிக்கொள்கிறது. ரேடியேட்டரைத் தாங்கும் ரப்பர்கள் காய்ந்து இறுகியிருந்தால் அந்த முறுக்கு நேராகத் தொட்டியின் மூலைகளுக்கும் பக்கச் சட்டங்களுக்கும் போகும். பற்று அங்கேதான் முதலில் விரியும். தெறிக்கும் கல் கோரைக் குத்தும். ஓடையைக் கடக்கும்போது சுழலும் விசிறியின் இதழ்கள் தண்ணீரை அறைந்து முன்னால் வளைந்து கோரையே வெட்டிவிடும். ஆழமான நீரில் இறங்குமுன் விசிறி பெல்ட்டைக் கழற்றும் பழக்கம் இதைத் தடுக்கவே வந்தது. எஞ்சின் தாங்கு ரப்பர் தளர்ந்திருந்தால் கடும் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எஞ்சின் முன்னகர்ந்தும் விசிறி கோரைத் தொடக்கூடும்.

உள்ளிருந்து வரும் கேடு மெதுவானது, பரவலானது. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் ஆழ்குழாய்த் தண்ணீர் கடின நீர். அதை வருடக்கணக்கில் ஊற்றினால் சுண்ணாம்புப் படிவு குழாய்களின் உட்சுவரில் ஏறும். படிவு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. குழாயின் வாயையும் அடைக்கும். அரிப்புத் தடுப்பான் இல்லாத தண்ணீரில் பற்றாசு கரைந்து, குழாயும், குழாய் முனைகளைத் தொட்டியோடு இணைக்கும் தலைத்தகடும் சேரும் இடத்தில் வெண்மையும் பச்சையுமாகப் பூக்கும். அந்தப் பூப்பைக் கண்டால் பற்று எங்கும் வலுவிழந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இன்னொரு காரணம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. கூடுதல் விளக்குகள், வின்ச், ஒலிபெருக்கி என்று பலதும் பூட்டப்பட்ட வண்டியில் எர்த் இணைப்பு சரியில்லாமல் போனால், மின்னோட்டம் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் வழியே பாய்ந்து உலோகத்தை அரித்துத் துளையிடும். வோல்ட்மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை ரேடியேட்டர் வாயிலுள்ள நீரிலும் உலோகத்தைத் தொடாமல் வைத்து, மின்சாதனங்களை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எந்த ரேடியேட்டருக்கும் கேடு, அலுமினியமானால் 0.1 வோல்ட்டைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். சில மாதங்களில் இரண்டாவது புது ரேடியேட்டரும் துளைவிட்டால் இந்தச் சோதனையைச் செய்யாமல் மூன்றாவதை வாங்கக் கூடாது.

தண்ணீர் குறைகிறது என்றாலே ரேடியேட்டர்தான் ஒழுகுகிறது என்று எண்ணுவது மிகவும் பரவலான தவறு. வாட்டர் பாடி என்று பட்டறைகளில் சொல்லப்படும் பம்பின் அடியில் ஒரு சிறு கசிவுத் துளை உண்டு. அங்கே ஈரம் இருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. மேல், கீழ் ஹோஸ்களின் கிளிப் அடியில் கசிவது காற்றில் பின்னால் சிதறி, ரேடியேட்டரே ஒழுகுவதுபோல் காட்டும். எஞ்சின் பிளாக்கின் பக்கத்திலுள்ள தகட்டு மூடிகள் துருப்பிடித்துக் கசியும். ஹீட்டர் உள்ள வண்டியில் காலடி விரிப்பு நனைந்து இனிப்பு வாடை வந்தால் கசிவு அதன் உள் கோரில். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்: சைலன்சரில் இனிப்பு வாடையுள்ள வெண்புகை, டிப் ஸ்டிக்கில் பால்போல் கலங்கிய எண்ணெய், குளிர்ந்த எஞ்சினை முடுக்கியதும் ரேடியேட்டர் வாயில் இடைவிடாத குமிழிகள். சிலிண்டரில் எரிந்த வாயு நீரில் கலக்கிறதா என்பதைக் காட்ட, நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவமும் கிடைக்கிறது.

உறுதியான சோதனை அழுத்தச் சோதனையே. எஞ்சின் குளிர்ந்த நிலையில் மூடியிருக்கும் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தம்வரை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. டார்ச் விளக்கோடு தேட வேண்டியதுதான். அதே கருவியால் மூடியையும் சோதிக்கலாம். வில் தளர்ந்த மூடி ஒன்றே கொதிப்புக்கும் நீரிழப்புக்கும் காரணமாக இருந்து, நல்ல ரேடியேட்டர் பழி சுமந்த சம்பவங்கள் ஏராளம். மலிவான பொருள் முதலில் சோதிக்கப்படுவது நல்லது.

நடுவழியில் ஒழுகினால் செய்யக்கூடியவை சில. கொதிக்கும் எஞ்சினின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் நீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். முக்கால் மணி நேரமாவது ஆறவிட்டு, கனத்த துணியால் மூடியைப் பிடித்து, முதல் சுற்றில் நிறுத்தி ஆவியை விட வேண்டும். ஆறாத எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடிக்கக்கூடும். அலுமினிய ஹெட் கொண்ட ஜிப்ஸி போன்ற வண்டிகளில் ஒருமுறை கடுமையாகக் கொதித்தாலே ஹெட் வளைந்துவிடக்கூடும். கல் குத்திய ஒற்றைக் குழாயைச் சுற்றியுள்ள தகடுகளை விலக்கி, குழாயை வெட்டி, இரு முனைகளையும் குறடால் மடக்கி நசுக்கினால் செம்பு ரேடியேட்டர் ஊர் போய்ச் சேரும். தொட்டியின் விரிசலுக்கு, ஈரத்தைத் துடைத்துச் சுரண்டிய உலோகத்தின்மேல் எம்-சீல் வகைக் கலவையைப் பூசி இறுகவிடலாம். மூடியை முதல் சுற்றிலேயே விட்டு, அழுத்தம் ஏறாமல் மெதுவாக ஓட்டுவதும் ஒழுக்கைக் குறைக்கும். ஆனால் கொதிநிலையும் அதோடு இறங்கிவிடும் என்பதால் இறக்கத்துக்கே இது பொருந்தும்.

மஞ்சள் தூள் போடும் பழக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று கரண்டி மஞ்சள் தூளை ரேடியேட்டருக்குள் கொட்டினால் அது துளையில் போய் ஊறி அடைத்துக்கொள்ளும் என்பது நாடெங்கும் லாரி, ஜீப் ஓட்டுநர்கள் அறிந்த வைத்தியம். சிறு துளைக்கு அது உண்மையிலேயே வேலை செய்கிறது. கடைகளில் குப்பியில் விற்கும் ஒழுக்கு அடைப்பான்கள் பலவும் நுண்துகளும் நாரும் துளையில் சேர்ந்து அடைக்கும் அதே முறையில்தான் இயங்குகின்றன. ஆனால் துளையை அடைக்கும் பொருள், படிவேறிக் குறுகிய குழாயையும் ஹீட்டர் கோரையும் அடைக்கும். பாதி அடைபட்ட பழைய ரேடியேட்டரில் அது மிச்சப் பாதியையும் மூடிவிடும். காட்டில் உயிர்காக்கும் உபாயம் என்பதற்கு மேல் அதற்கு மதிப்புத் தரக்கூடாது; ஊர் திரும்பியதும் அமைப்பு முழுவதையும் அலசி எடுக்க வேண்டும்.

பட்டறையில் செம்பு ரேடியேட்டரைப் பற்றவைக்கும் முறை எளிமையாகத் தோன்றும். நன்றாகச் செய்பவர்கள் குறைவு. வண்டியிலிருந்து கழற்றாமல் செய்யும் பற்று நிற்காது. கழற்றி, காரச் சோடா கலந்த வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்துப் பெயின்டையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்க வேண்டும். வாய்களை அடைத்து, காற்றை ஏற்றி, தண்ணீருக்குள் அமுக்கினால் குமிழி கிளம்பும் இடங்கள் எல்லாம் தெரியும். அந்த இடத்தை உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, துத்தநாகம் கரைத்த அமிலத்தைத் தடவி, சூடேற்றி ஈயத்தை ஓடவிட வேண்டும். அழுக்கின்மேல் வைத்த ஈயம் மேலாக அப்பிக்கொண்டிருக்குமே தவிர, உலோகத்தைப் பிடிக்காது. வேலை முடிந்ததும் அமிலத்தைக் கழுவி எடுக்காவிட்டால் அதுவே புது அரிப்பைத் தொடங்கிவிடும். பழுதான குழாய்களை முனையில் அடைத்துவிடுவதும் உண்டு. ஓரிரண்டு குழாய்களுக்கு மேல் அடைத்தால் குளிர்விக்கும் பரப்புக் குறைந்து, ஒழுக்குப் போய்க் கொதிப்பு வரும். ஈயப் புகை நச்சு என்பதால் இந்த வேலைக்குக் காற்றோட்டமான இடம் தேவை. மூடிய கொட்டகையில் நாள் முழுவதும் பற்றவைக்கும் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றிப் பட்டறை உரிமையாளர்கள் போதிய அக்கறை காட்டுவதில்லை.

ஒழுக்கு ஓரிடத்தில் மட்டும் இருந்து, அடிபட்டதே காரணமாகி, கோர் சுத்தமாக இருந்தால் பற்றவைப்பதே சரியான முடிவு. கோரின் நிலையை அறிய மேல் தொட்டியைப் பிரித்துக் குழாய் வாய்களை நேரில் பார்ப்பதைவிட நல்ல வழியில்லை. படிவு மட்டுமே குறை என்றால் மெல்லிய எஃகுப் பட்டையை ஒவ்வொரு குழாயிலும் விட்டு உருவி எடுக்கலாம். தகடுகள் குழாயைவிட்டுக் கழன்று விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தாலோ, சோதனைத் தொட்டியில் மூன்று நான்கு இடங்களில் குமிழி வந்தாலோ, அந்தக் கோரின் ஆயுள் முடிந்துவிட்டது. இன்று அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த மாதம் ஒழுகும்.

அந்த நிலையில் உடனே புதிய ரேடியேட்டர் தேடி ஓடாமல், பழைய தொட்டிகளுக்கு நடுவே புதிய செம்புக் கோரைப் பற்றவைப்பதுதான் பழைய ஜீப்புக்குப் பெரும்பாலும் மிகச் சிறந்த வழி. காரணங்கள் தெளிவானவை. தொட்டி, பக்கச் சட்டம், போல்ட் துளைகள், ஹோஸ் வாய்கள், மூடியின் கழுத்து எல்லாம் அந்த வண்டிக்கே உரியவை; எதையும் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. உற்பத்தி நின்ற மாடல்களுக்குச் சரியான முழு ரேடியேட்டர் கிடைப்பது அரிது. பழைய கோரின் செம்புக்கு எடைக்கு எடை விலை உண்டு என்பதால் அதையும் கழித்துக்கொள்ளலாம். வண்டி மறுபடி அடிபட்டால் சிறு ஊர்ப் பட்டறையிலும் சரிசெய்ய முடியும். எடுத்துக்கொள்ளும் ஓரிரு நாட்களுக்கு அஞ்சி இதைத் தவிர்ப்பவர்கள், பொருந்தாத மாற்று ரேடியேட்டரைப் பொருத்துவதில் அதைவிட அதிக நாட்களை இழக்கிறார்கள்.

கோர் மாற்றத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, புதிய கோரின் தரம். கறுப்புப் பெயின்டுக்குக் கீழே தகடு செம்புதானா என்று ஓரத்தில் சுரண்டிப் பார்ப்பது அவசியம். பழைய கோரில் இருந்ததைவிடக் குழாய் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, குழாய் வரிசைகளைக் கூட்டும் ஆசை. இரண்டு வரிசைக் கோரை மூன்றாக்கினால் வெப்பத் திறன் கூடும். நான்காக்கினால் காற்று ஊடுருவுவது கடினமாகி, கிடைக்கும் லாபம் குறையும். தகடுகளை நெருக்கமாக அமைத்தால் சாலையில் நன்மை, சேற்றில் தீமை. முதல் கியரில் ஊர்ந்து ஏறும் வண்டிக்குக் காற்றைத் தருவது விசிறி மட்டுமே. சேறு அடைத்த நெருக்கமான தகடுகளுக்குள் அந்தக் காற்று நுழையாது. தாராளமான இடைவெளியுள்ள மூன்று வரிசைக் கோரும், விசிறியைச் சுற்றி உடையாத உறையும் இருந்தால் மலைவேலைக்குப் போதும்.

பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் நிலைமை தலைகீழ். தொட்டியின் பிளாஸ்டிக் வெப்பத்தில் வருடக்கணக்கில் வெந்து நொறுங்கும் தன்மை அடைகிறது. கறுப்பு நிறம் பழுப்பாக மாறுவது அதன் முதுமையைக் காட்டும். விரிசலைப் பசையால் ஒட்டினால் அது அடுத்த ஏற்றம்வரைகூட நிற்காமல் போகலாம். பற்கள் மடக்கிய விளிம்பில் மட்டும் கசிந்தால் அவற்றை நிமிர்த்தி ரப்பர் வளையத்தை மாற்றலாம். பற்கள் மறுமுறை மடக்கும்போது ஒடியும் அபாயம் உண்டு. மெல்லிய அலுமினியக் குழாயை வெல்டு செய்வது திறமைசாலிக்கும் கடினம். இவ்வகையில் மாற்றுவதே முறை. தானியங்கி கியர் வண்டிகள் பலவற்றில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் இந்தத் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அது உள்ளே உடைந்தால் தண்ணீர் கலந்து கியர்பெட்டியே போய்விடும் என்பதால் அங்கே ஒத்திப்போடுவதற்கு இடமில்லை.

முழுதும் அலுமினியத்தால் வெல்டு செய்த, பந்தய வண்டி பாணி ரேடியேட்டர்களைப் பழைய ஜீப்புக்குப் போடுவோர் பெருகியிருக்கிறார்கள். நன்றாகக் குளிர்விக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் முறுக்கும் சேஸிஸில் ரப்பர் தாங்கி இல்லாமல் இறுக்கிப் பூட்டினால் தாங்குபட்டையின் வெல்டு அருகே விரிசல் விடும். காட்டில் அதைச் சரிசெய்ய எந்தக் கருவியும் உதவாது. எந்தப் புதிய ரேடியேட்டரை வாங்கினாலும் பழையதையும் புதியதையும் அருகருகே கிடத்தி உயரம், அகலம், தடிமன், ஹோஸ் வாய்களின் பக்கமும் விட்டமும், மூடியின் கழுத்து, வடிகால் குழாய் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். விசிறிக்கும் கோருக்கும் இடையே சுமார் ஓர் அங்குலம் இருக்க வேண்டும்.

பொருத்தும்போது பழைய ஹோஸ்கள், கிளிப்கள், தாங்கு ரப்பர்கள், மூடி, தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவது சிக்கனம். இவற்றின் மொத்த விலை ஒரு ஹெட் கேஸ்கட் வேலையின் கூலியைவிடக் குறைவு. கொதிப்புக்கு மருந்தாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் நம் பட்டறைகளில் வேரூன்றியிருக்கிறது. அது தவறு. எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் டீசல் முழுமையாக எரியாது, சிலிண்டர் தேய்மானம் கூடும். பல எஞ்சின்களில் திறந்து கிடக்கும் சுற்றுப்பாதை வழியே ஒரு பகுதி நீர் ரேடியேட்டரையே தொடாமல் திரும்பிவிடும். கொதித்தால் காரணத்தைத் தேட வேண்டுமே தவிர, கட்டுப்பாட்டை நீக்குவது தீர்வாகாது. புதிய ரேடியேட்டரைப் பூட்டும் முன் எஞ்சின் பிளாக்கை எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு அலச வேண்டும். இல்லையென்றால் பிளாக்கிலிருக்கும் துருவும் மஞ்சள் தூளும் முதல் வாரத்திலேயே புதுக் குழாய்களில் போய்ச் சேரும்.

நிரப்புவதற்குக் காய்ச்சி வடித்த அல்லது கனிமம் நீக்கிய நீரும் எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டும் சரிபாதி. உறைபனி இல்லாத நாட்டில் கூலன்ட் எதற்கு என்று கேட்பதுண்டு. அதன் முதல் பயன் இங்கே அரிப்பைத் தடுப்பது. கொதிநிலையை உயர்த்துவது அடுத்தது. சரிபாதிக் கலவை 15 பவுண்டு அழுத்தத்தில் 129 டிகிரிவரை தாங்கும். ஈயப் பற்றுள்ள செம்பு ரேடியேட்டருக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட கூலன்ட்டையே வாங்க வேண்டும். நீண்டகால வகைகள் சில பழைய பற்றாசுக்குப் பொருந்தாதவை. நிறத்தை நம்பி இரண்டு வகைகளைக் கலக்கக் கூடாது. பழைய வகைக் கூலன்ட்டை இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றுவது வழக்கம். வடித்த கூலன்ட் இனிப்பானது, நச்சானது. திறந்த பாத்திரத்தில் விட்டால் நாயோ குழந்தையோ குடித்துவிடும். அதை வாய்க்காலில் ஊற்றாமல் மூடிய கேனில் பட்டறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வண்டியின் மூக்கை மேட்டில் நிறுத்தி, ஹீட்டர் வால்வைத் திறந்து, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது நிரப்பி மூடலாம். முதல் மலையேற்றத்துக்குப் பிறகு, எஞ்சின் ஆறியதும், மட்டத்தை மறுபடி பார்த்துக் கிளிப்களை இன்னொரு முறை முறுக்க வேண்டும். புது ஹோஸ் ரப்பர் சூட்டில் இளகி உட்கார்ந்திருக்கும். மலைவேலை செய்யும் வண்டியில் வாரம் ஒருமுறை விசிறிப் பக்கத்திலிருந்து முன்நோக்கி மெல்லிய வேகத்தில் தண்ணீரடித்துச் சேற்றையும் புல்விதையையும் வெளியேற்றுவது நல்லது. சர்வீஸ் நிலையத்தின் உயர் அழுத்தக் குழாயை நேராகக் கோரில் பிடித்தால் செம்புத் தகடுகள் மடிந்து காற்றுவழி அடைபடும்.